பேசாமல் நடந்த வியாபாரம்

– தம்பி, தரையில போட்டிருக்கிற அந்த மேசை விரிப்பை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுக்கச் சொல்லுங்க அவரை.

– அக்கா, சார் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறார். விரிப்போட அந்த நுனி அவர் கையிலதான் இருக்கு. நீங்க சொன்னது பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டிருக்கும்.

– கேட்டிருந்தா இழுத்திருப்பாரே.

– டிராயிங் மாஸ்டர், அதாவது, ஜன்னல் பக்கம்னா மேற்கு. விரிப்பு கடற்கரைன்னா கடல் கிழக்குல வரணும். இதை டீச்சர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க.

– அக்கா, கடல் கிழக்குல வரணுமாம்.

– என் காதுலயும் விழுந்துச்சு தம்பி. இது ஸ்கூல் ஹால். இங்க கடல் எந்தப் பக்கம் வந்தா என்ன? கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியணும். புவியியல் வாத்தியார் மனசு நோகக் கூடாதுன்னு கடலைத் தூக்கிட்டு அலைய முடியுமான்னு கேளுங்க.

– சாமி, என்னைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க. ரெண்டு வருஷமா ஸ்டாஃப் ரூம்ல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் வேலை பாக்குறேன். சரி, போகட்டும். ஆசியாவைப் பத்திப் பசங்களுக்கு எப்படிப் பாடம் நடத்துறதுன்னு ஒரு வாரப் பயிற்சி, ஸ்கூலுக்கு மூணு பேர் வரணும்னாங்க. மூணாவது ஆள் கிடைக்காம ஓவிய வாத்தியாரைப் பிடிச்சு வேன்ல ஏத்திட்டாங்க. ஒரு ஓரமா உக்காந்து படம் வரையலாம், பிஸ்கட் தின்னலாம்னு வந்தா, இங்கயும் அதே தபால்.

– பிஸ்கட்டை யாரும் தடுக்கலையே தம்பி. முதல் நாள்ல இருந்து நானும் பாக்குறேன்.

– டீச்சர் சொல்றது சரிதான் டிராயிங்.

– பாத்தீங்களா, என்னைத் திட்டணும்னா மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சுடும். முடிஞ்சதும் மத்த ஸ்கூல் டீச்சருங்க முன்னாடி முதல் டெமோ வகுப்பு நம்மளோடது. காலையில பயிற்சி மேடம் என்ன சொன்னாங்க? சார் வரைபடத்துல நாப்பது துறைமுகம் குறிச்சுக் கொண்டு வந்தார்.

– நாப்பத்தி மூணு.

– நாப்பத்தி மூணு. அக்கா வரலாற்றை ஆண்டு வாரியா எழுதிக் கொண்டு வந்தாங்க. மேடம் ரெண்டையும் பொறுமையா பாத்துட்டு, சிரிச்ச முகத்தோடயே, இதுல ஆசியா மொத்தமும் இருக்கு, ஒரு மனுஷன் கூட இல்லையேன்னாங்க. அப்ப உங்க ரெண்டு பேர் முகமும் ஒரே மாதிரி தொங்கிப் போச்சு. ரெண்டு வருஷத்துல நீங்க ஒத்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

– அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு டிராயிங். இத்தனை வருஷமா பசங்களுக்குத் துறைமுகத்துப் பேர் சொல்லிக் கொடுத்திருக்கேன். அங்க இறங்கினது யாரு, இறங்கினதும் யாரைத் தேடினான், எதைப் பார்த்து பயந்தான், ஒண்ணும் சொன்னதில்ல.

– நானும்தான். எந்த ராஜா எப்ப வந்தான்னு ஒப்பிக்க வச்சேனே தவிர, அன்னிக்கு மூட்டை தூக்கினவன் சாப்பிட்டானான்னு கூட யோசிச்சதில்ல. இதை அவர்கிட்ட சொல்ல வேண்டாம் தம்பி. பொதுவா சொன்னேன்.

– பொதுவா சொன்னதை அவரும் பொதுவா கேட்டுக்கிட்டார் அக்கா. சரி, அந்த யோசனையை இன்னொரு தடவை சொல்லுங்க. பேச்சில்லாத வியாபாரம்னீங்களே.

– பழைய காலத்துப் பயணிகள் எழுதி வச்சது. ஆசியாவுல சில கரைகள்ல, மலையடிவாரங்கள்ல இப்படி நடந்துச்சுன்னு சொல்றாங்க. கப்பல்ல வந்தவங்க சரக்கைக் கரையில இறக்கி வச்சுட்டுத் தள்ளிப் போயிடுவாங்க. கரையில இருக்கிறவங்க வந்து பார்ப்பாங்க. அதுக்கு ஈடா தங்களோட சரக்கைப் பக்கத்துல வச்சுட்டு அவங்களும் விலகிடுவாங்க. கப்பல்காரங்க திரும்ப வந்து பார்த்து, போதும்னு தோணினா கரைக்காரங்க வச்சதை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. போதலைன்னா எதையும் தொடாம பின்னாடி போய் நிப்பாங்க. இன்னும் வைன்னு அர்த்தம். ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

– எடுத்துட்டா?

– எடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் வேண்டாம்னு கொண்டு வந்து நீட்ட முடியாது.

– அக்கா, இது உங்க ரெண்டு பேருக்காகவே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

– டிராயிங், டீச்சர்கிட்ட ஒரு சந்தேகம் கேளுங்க. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாததாலதான் பேசாம இருந்தாங்களா?

– அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. பாஷை ஒண்ணா இருந்தும் பேசாம இருக்கிறவங்க உலகத்துல இருக்காங்கன்னு சொல்லுங்க தம்பி. அப்புறம் இன்னொண்ணு. இதை எழுதினவங்கள்ல நிறைய பேர் நேர்ல பார்த்தவங்க இல்ல, கேள்விப்பட்டு எழுதினவங்க. சிலர் அந்தக் கரையில இருந்த ஜனங்களைப் பேசவே தெரியாதவங்க மாதிரி எழுதிட்டாங்க. அதையும் வகுப்புல சொல்லணும். பேசாம நின்னவனுக்குப் பேசத் தெரியாதுன்னு பசங்க நினைச்சுடக் கூடாது.

– நல்ல கருத்து. அதாவது, ரொம்ப நல்ல கருத்து. இதை டீச்சர்கிட்ட...

– சொல்லிடறேன் சார். அக்கா, ரொம்ப நல்ல கருத்தாம். இப்ப சொல்லுங்க, யார் கப்பல், யார் கரை?

– நான்தானே கிளம்பிப் போற ஆளு. நானே கப்பல். அவர் கரை. அவர்தான் எங்கயும் நகர மாட்டாரே.

– நான் என்ன பண்ணணும்?

– நீங்க பேசுங்க தம்பி. நாங்க பேச மாட்டோம், நடக்கிறதை வகுப்புக்கு நீங்க எடுத்துச் சொல்லணும். பழகின வேலைதானே. நான் போய் டீ மேசையில பீங்கான் கோப்பை ரெண்டு கேட்டு வாங்கிட்டு வர்றேன். தேயிலைப் பொட்டலமும் கிடைக்குதான்னு பாக்குறேன்.

– போயிட்டாங்க. சார், காலையில இருந்து உங்க மூஞ்சியே சரியில்லையே.

– திங்கக்கிழமையில இருந்து டீச்சர் வேற ஸ்கூலாமே. வேன்ல யாரோ பேசிக்கிட்டாங்க.

– ஆமா சார். ஊரோட அந்தக் கோடியில இருக்கே, அந்த ஸ்கூல். அவங்களே கேட்டு வாங்கின மாற்றல். இன்னிக்கு நடத்தப் போற இந்த வகுப்புதான் நம்ம ஸ்கூல் பேர்ல அவங்க செய்யற கடைசி வேலை. இதுக்கப்புறம் நான் யாருக்குத் தபால் கொண்டு போறதுன்னே தெரியல.

– எல்லாம் என்னாலதான். ஆனா நான் என்ன பண்ணேன்னுதான் புரியல டிராயிங். எத்தனை வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம். என் மனைவி தவறிப்போனப்ப என் வகுப்புப் பரீட்சைத் தாளை எல்லாம் திருத்திக் கொடுத்தது அவங்க. பொண்ணு கல்யாணமாகி வெளிநாடு போனப்ப ஏர்போர்ட்ல இருந்து என்னை வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டது அவங்க. நான் வழி பூரா அழுதேன். மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல அவருக்குச் சளின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அப்பேர்ப்பட்டவங்க ஒரு நாள் காலையில எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த பீரோவுல தன் பாதியைக் காலி பண்ணிட்டு, மூலையில இருந்த மேசைக்குப் போய் உக்காந்துட்டாங்க. அன்னிக்கு நின்ன பேச்சு.

– நீங்க கேட்கலையா?

– கேட்டேனே. உங்க மூலமா.

– ஆமா, கொண்டு போனேன். ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்துச்சு. ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொன்ன விதத்தைப் பாத்துட்டு நான் ஒரு வாரம் அந்த மூலைப் பக்கமே போகல.

– சரி, நான் மாடிக்குப் போய் என் பையை எடுத்துட்டு வர்றேன். கரைக்காரன் வைக்கிறதுக்கு ஏதாவது சரக்கு வேணுமே.

– அக்கா, வாங்க. கோப்பையைப் பாத்து வைங்க. அவர் மாடிக்குப் போயிருக்கார். நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு வருஷம் கூலி இல்லாம தபால் சுமந்தவன் கேக்குறேன். எதுக்காக அவர்கிட்ட பேச்சை நிறுத்தினீங்க?

– இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போகுது தம்பி.

– எனக்குத் தூக்கம் வரும்.

– நீங்க அன்னிக்கு லீவு. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே அவரைக் கேட்டார். நீங்களும் வரலாறு டீச்சரும் எப்பவும் ஒண்ணாவே இருக்கீங்களே, என்ன விசேஷம்னு. நான் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன், கையில சாக்பீஸ் டப்பாவோட. நான் கல்யாணமே வேண்டாம்னு இருந்தவ. அம்பது வயசுக்கு மேல எனக்கு நெஞ்சு அப்படி அடிச்சுக்கும்னு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

– அவர் என்ன சொன்னார்?

– ஒரு விசேஷமும் இல்ல சார், அதாவது, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பீரோதான் கொடுத்திருக்காங்க, அதான்னு சொன்னார்.

– அடப்பாவி மனுஷா.

– பீரோதான் காரணம்னா எனக்கு அந்த பீரோ எதுக்கு? மறுநாளே காலி பண்ணிட்டேன். நான் கோவிச்சுக்கிட்டேன்னு நினைக்கிறார். கோபம் இல்ல தம்பி, வெக்கம். நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேனேன்னு. தினம் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்கிறது? அதான் மாற்றல்.

– இதை நான் அவர்கிட்ட...

– சொல்லவே கூடாது. நான் கொடுத்தனுப்பின தபால் எல்லாத்தையும் கொண்டு போனீங்க. இது தபால் இல்ல. நான் மேடமைப் பாத்து, நாங்க தயார்னு சொல்லிட்டு வர்றேன்.

– சார், சீக்கிரம் வாங்க. பையைக் கீழ வைங்க, உக்காருங்க. அக்கா என்கிட்ட ஒரு விஷயம் சொல்லி, சொல்லக் கூடாதுன்னாங்க. என் வாயைப் பத்தி ஸ்கூல் பூரா தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட சொன்னாங்கன்னா அது அவங்க பொறுப்பு. காதைக் கொடுங்க.

– நான் அப்படியா சொன்னேன்?

– அதாவதுங்கிற சொல் உட்பட.

– அந்த ஆளு கேட்ட தொனி அப்படி டிராயிங். சிரிச்ச சிரிப்பும் சரியில்ல. டீச்சருக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னு வாயில வந்ததைச் சொன்னேன்.

– வாயில வந்தது பீரோவா?

– எதிர்ல அதுதான் இருந்துச்சு.

– சரி, வாயில வந்தது கிடக்கட்டும். மனசுல என்ன இருந்துச்சு?

– மணி ஆயிடுச்சு. எல்லாரும் உள்ள வர்றாங்க பாருங்க.

– சார்.

– அது பேச்சுல வரலை டிராயிங். நாப்பத்தி மூணு துறைமுகத்தையும் கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடுவேன். இந்த ஒண்ணு மட்டும், கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், அதாவதுங்கிறதைத் தாண்ட மாட்டேங்குது.

– அப்ப திங்கக்கிழமை வழியனுப்ப வாங்க. வேற என்ன சொல்றது? அக்கா வந்துட்டாங்க. போய் உங்க கரையில நில்லுங்க.

– எல்லாருக்கும் வணக்கம். நீங்க எல்லாரும் இப்ப ஆறாம் வகுப்புப் பசங்க. கடைசி பெஞ்சுல தலைமையாசிரியர் ஒருத்தர் போனைப் பாத்துக்கிட்டிருக்கார், பிடுங்கி வச்சுடுவேன். இந்த விரிப்புதான் கடற்கரை. அந்தப் பக்கம் கப்பல், இந்தப் பக்கம் கரை. வச்சது போதும்னா எடுத்துக்கலாம், போதலைன்னா தொடாம திரும்பிடணும், ஆனா பேசவே கூடாது. இவங்க ரெண்டு பேருக்கும் அது பெரிய கஷ்டம் இல்ல. கப்பல்காரங்க சரக்கு இறக்குறாங்க, பாருங்க. ரெண்டு பீங்கான் கோப்பை. தேயிலை. கடைசியா, தோள்ல கிடந்த பட்டுத் துணியையும் மடிச்சு வச்சுட்டாங்க. பின்னாடி போறாங்க. இப்ப கரைக்காரர் வர்றார். கோப்பையைத் தொடல, குனிஞ்சு பட்டைப் பாக்குறார். பாத்துக்கிட்டே இருக்கார். சார், வகுப்பு முடியறதுக்குள்ள ஏதாவது வைங்க. வச்சுட்டார். ஒரு மூட்டை மிளகு. மிளகுன்னு நினைச்சுக்குங்க, சாக்பீஸ் டப்பான்னு எனக்கும் தெரியுது. கப்பல்காரங்க வந்தாங்க. பாத்தாங்க. தொடாம திரும்பிட்டாங்க. என்ன அர்த்தம், வகுப்பு?

– போதலை.

– இன்னும் சத்தமா. கரைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அடுத்து என்ன வைக்கிறார்? திசைகாட்டி. இதை அவர் யாரையும் தொட விட்டதில்ல. ஒரு பையன் தொட்டதுக்கு அந்தப் பையனோட அப்பா வர வேண்டியதாயிடுச்சு. அதை வச்சுட்டார். கப்பல்காரங்க வர்றாங்க. கொஞ்சம் யோசிக்கிறாங்க. ஆனா தொடல.

– ஒரு கேள்வி கேக்கலாமா?

– கேளுங்க மேடம். பயிற்சி கொடுக்கிற நீங்களே கைதூக்கிக் கேட்டா எங்களுக்குப் பெருமைதான்.

– போதலைன்னு பின்னாடி போய் நிக்கிறாங்க. சரி. அவங்களுக்கு என்ன வேணும்னு எதிர்ல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

– தெரியாது மேடம். பசங்க இதுல கத்துக்க வேண்டியதே அதுதான். தன்கிட்ட எது விலை உசத்தின்னு பாத்தா ஆகாது. எதிர்ல நிக்கிறவங்களுக்கு எது அருமைன்னு யோசிக்கணும். தப்பா யோசிச்சா சரக்கு அப்படியே கிடக்கும், கப்பல் கிளம்பிடும். இந்தக் கப்பல் திங்கக்கிழமை கிளம்புது. கரைக்காரர் பையில கைய விடுறார். ஒரு சாவி. சார், அது நம்ம ஸ்டாஃப் ரூம் பீரோ சாவியாச்சே. வச்சுட்டார். அக்கா வந்து பாத்தாங்க. ஐயோ, வந்ததைவிட வேகமா போயிட்டாங்க. அந்தச் சரக்கு இந்தக் கப்பலுக்கு ஒத்து வராது சார், முதல்ல அதை எடுங்க. வகுப்பு, சிரிக்கக் கூடாது. இது நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முந்தின வியாபாரம்.

– அவர்கிட்ட இன்னும் என்ன இருக்கு?

– பையைக் கவுத்துட்டார் மேடம். பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு, குடை. எல்லாம் விரிப்பு மேலதான் கிடக்கு. கப்பல்காரங்க இருந்த இடத்தைவிட்டு வரவே இல்ல. தூரத்துல இருந்தே தலையாட்டிட்டாங்க. அவ்வளவுதான், கரைக்காரர்கிட்ட இனி ஒண்ணும் இல்ல. சார், கையை விரிச்சுடுங்க, முடிச்சுக்கலாம். என்ன, செருப்பைக் கழட்டறீங்க? அதை எல்லாம் வைக்காதீங்க சார், மரியாதையா இருக்காது. இல்ல, வைக்கல. விரிப்பு மேல ஏறிட்டார். மிளகை ஓரமா தள்ளுறார், திசைகாட்டியைத் தள்ளுறார், குடையைத் தள்ளுறார். நடுவுல இடம் பண்ணி, சம்மணம் போட்டு, உக்காந்துட்டார்.

– விதியில இதுக்கு இடம் இருக்கா?

– எனக்குத் தெரியாது மேடம், நான் ஓவிய வாத்தியார். யாரும் சிரிக்காதீங்க, ப்ளீஸ். அவர் முகத்தைப் பாருங்க. அக்கா வர்றாங்க. மெதுவாத்தான் வர்றாங்க. கோப்பையைப் பாக்கல, பட்டைப் பாக்கல. நேரா அவர் முன்னாடி வந்து நின்னுட்டாங்க. பின்னாடி போகல. அக்கா, கையை நீட்டறீங்க. எடுத்துட்டா அப்புறம் திருப்பிக் கொடுக்க முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பிடிச்சுட்டாங்க மேடம். கையைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்துறாங்க. அக்கா, ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட சொல்லுங்க, நான் சார்கிட்ட சொல்லிடறேன்.

– வேண்டாம் தம்பி, நானே சொல்லிக்கிறேன். ஏன் சார், இதை முதல்லயே வச்சிருக்கக் கூடாதா?